வீட்டில் மட்டும் ஓடிய அம்புக்குறி

சர்வீஸ் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே இந்த வாக்கியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "வூட்டுல இருந்தா வருதுங்க, இங்க கொண்டாந்தா வரமாட்டேங்குது." சொல்லும்போதே அவருடைய முகம் குற்றம் செய்தவர் முகமாகிவிடும். நாம் நம்பமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். நாமும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிங்க, வெச்சிட்டுப் போங்க, பாக்குறோம்" என்போம். அவர் படி இறங்கியதும் சிரிப்போம்.

ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம், புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எந்தத் திருகை எப்படிக் கழற்றுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். நான் எழுதப் போவது என் மகள் கயல்விழியின் லேப்டாப் பற்றி. அவள் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த லேப்டாப்பின் டச்பேட் கோளாறுதான் காரணம். அந்தக் கோளாறே கிடையாது என்று வாரக்கணக்கில் சாதித்தவள் நான். அதில் சில விஷயங்கள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டத் தலைநகரான புதிதில், அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய காலத்தில், டைப்ரைட்டர் பழுது பார்ப்பவளாகத் தொழிலுக்கு வந்தேன். டைப்ரைட்டரில் கரண்ட் கிடையாது. விரலை எங்கே வேண்டுமானாலும் விடலாம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, நானும் அதற்கு மாறினேன். ஆனால் கரண்ட் என்றால் உள்ளூர ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கி, அதை என் கண்ணெதிரே மேஜைமேல் வைத்துக்கொள்வேன். வேறு யாராவது தெரியாமல் சொருகிவிடக் கூடாதல்லவா? எங்கள் கடையில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் கேலி மட்டும் எனக்கு. பக்கத்து மேஜைக்காரர் சலீம், லப்பைக்குடிகாட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருபவர், வருகிறவர்களிடம் சொல்வார்: "செல்வியக்கா பிளக்கப் புடுங்கி மடியில போட்டுக்கிட்டுத்தாங்க மெஷினுக்கு சலாமே சொல்லுவாங்க."

வீட்டில் மட்டும் வரும் கோளாறுகளை நான் அறியாதவளும் அல்ல. பூலாம்பாடியிலிருந்து ஒரு வெங்காய வியாபாரி ஒரே கீபோர்டை மூன்று முறை தூக்கிக்கொண்டு வந்தார். என்டர் தானாக விழுகிறது என்றார். கடையில் விழவே இல்லை. கடைசியில் சலீம் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். கீபோர்டு வைக்கும் இழுப்பறைப் பலகையை உள்ளே தள்ளினால், மேல் சட்டம் அந்தப் பொத்தானை அமுக்கியது. கோளாறு மேஜையில். "அல்லாவே, இந்த மேசைய நான் எப்படிக்கா ரிப்பேர் பண்றது?" என்று சலீம் திரும்பி வந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. அடுத்தவர் வீட்டில் மேஜையைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, என் வீட்டில் பிள்ளையைத்தான் சந்தேகிக்கத் தோன்றியது.

2006 கோடை. கயல் இன்ஜினியரிங் கடைசி வருடம். கேம்பஸில் சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது. புராஜெக்ட் அறிக்கையை முடித்துக் கொடுத்து, வைவாவும் முடிந்தால் போகலாம். எங்கள் இரு குடும்பத்திலும் டிகிரி முடித்து மாதச் சம்பளத்துக்குப் போகப்போகும் முதல் பெண் அவள். அந்த அறிக்கைக்காகத்தான் திருச்சியில் புது லேப்டாப் வாங்கினோம். வாங்கி வந்த அன்று அவள் அப்பா அதன்மேல் சந்தனம் வைக்கப் போக, நான் கையைப் பிடித்துத் தடுத்து, டப்பாவின் மேல் வைக்கச் சொன்னேன். அந்த அளவுக்கு அதைப் பொத்திப் பொத்தி வைத்தோம்.

முதல் வாரத்திலேயே கயல் கூப்பிட்டாள்.

"ம்மா, இத வந்து பாரேன். நான் ஒரு எடத்துல அடிக்கிறேன், எழுத்து வேற எடத்துல போய் வுழுது. அம்பு அதுவா ஓடுது."

போனேன். வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கி அருகில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கீபோர்டு வெண்ணெய் மாதிரி இருந்தது.

"நல்லாத்தானடி இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கு. நீ வந்தா நல்லா ஆயிடுது."

"என்னைக் கண்டா அதுக்கு பயம்போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் பிளக்கைப் பிடுங்கினால் மெஷின் செத்துவிடும். லேப்டாப்பில் பிடுங்கினால் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது நான் ஒவ்வொரு முறையும் மெஷினைச் சோதிக்க உட்கார்ந்தபோது, முதல் வேலையாகக் கோளாறைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பிறகு கோளாறைத் தேடினேன். இன்று எழுதும்போது இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்போல இருக்கிறது. அன்று ஒவ்வொரு முறையும் அதையேதான் செய்தேன். பாதுகாப்புக்கு என்று பழகிய கை, யோசிக்காமல் முதலில் அங்கேதான் போனது.

கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே பிளக்கைச் சொருகியும் ஓட்டினோம், பிடுங்கியும் ஓட்டினோம். நாள் முழுக்க ஒரு பிசகும் இல்லை. சலீம் திரையைப் பார்த்து, "அக்கா, இது மிஷினு கோளாறு இல்ல. புராஜெக்ட் கோளாறு. எனக்கும் பரீட்சைன்னா வயித்த வலிக்கும்" என்றார்.

அன்று மாலை கயலிடம் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. சரி, அவள் திருப்திக்கு ஆகட்டும் என்று திருச்சிக்கு அனுப்பினோம். அவர்கள் கீபோர்டையும் டச்பேடையும் வாரண்டியில் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அடுத்த நாளே, "ம்மா, திரும்ப ஓடுது."

இப்போது எனக்குக் குழப்பம் மாறி வேறு ஏதோ ஒன்று வந்தது. புது மெஷின், அதற்குள் புதுக் கீபோர்டு, புது டச்பேட். மிச்சம் இருப்பது யார்?

அந்த வாரம் ஆண்டிமடத்தில் என் அக்கா வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை நெருக்கடி. ஒத்தாசைக்கென்று கயல் லேப்டாப்போடு அங்கே போய்ச் சில நாள் தங்கினாள். அக்கா போனில் சொன்னாள்: "ஒம் பொண்ணு பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்து டக்கு டக்குன்னு அடிச்சிக்கிட்டே கெடக்குறா. சோத்துக்குக் கூப்புட்டாலும் வரமாட்டேங்குறா." அங்கே அம்புக்குறி ஓடவில்லை. திரும்பி வந்ததும் ஓடியது.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரே மெஷின், இரண்டு வீடு, ஒரு வீட்டில் மட்டும் கோளாறு. வாடிக்கையாளர் யாராவது இதைச் சொல்லியிருந்தால், "ரெண்டு வூட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருப்பேன். பெற்ற பிள்ளை சொன்னபோது என் புத்தி வேறு பக்கம் போனது. அக்கா வீட்டில் ஜாலியாக இருந்தது, வேலை ஓடியது. நம் வீட்டில் ஏதோ பிடிக்கவில்லை. சென்னைக்குப் போகப் பயமா? யாரையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாளா? வயசுப் பெண்ணைப் பெற்றவளுக்கு என்னென்ன தோன்றும் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "ம்மா, அடிக்கிறப்ப மணிக்கட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சில நேரம் விரல்கூட மரத்த மாதிரி ஆவுது."

அவள் அப்பா அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "புள்ளைக்கு நரம்புல ஏதோ இருக்கு செல்வி. அதான் கை நடுங்கி எங்கயோ படுது. நீ என்னமோ மிஷினையே பாத்துக்கிட்டு இருக்க."

எனக்கு அது சட்டென்று பொருந்திவிட்டது. கோளாறுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவளை டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கையைத் தட்டிப் பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, "பரீட்சை டென்ஷன்மா. நல்லா தூங்கணும்" என்று சத்து மாத்திரை எழுதினார். பஸ்ஸில் வரும்போது கயல் தன் கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அம்புக்குறியைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அப்பா கூடத்தை ஒட்டிய சமையலறையில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு மாவு அவருடைய பொறுப்பு. கயல் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, முக்காலிமேல் லேப்டாப்பை வைத்து அறிக்கையின் கடைசிப் பகுதியை அடித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வரி அடிப்பாள், நிறுத்துவாள், காத்திருப்பாள், பிறகு அடிப்பாள்.

"ஏன்டி நிறுத்தி நிறுத்தி அடிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவள் பதறிவிட்டாள். "ம்மா, புடுங்காத! பேட்டரி சுத்தமா இல்ல. இன்னும் சேவ் பண்ணல!"

அதனால் பிடுங்கவில்லை. சொருகியபடியே டச்பேடில் விரலை வைத்தேன்.

அம்புக்குறி துள்ளியது. நான் இடது பக்கம் இழுத்தால் அது மேலே பாய்ந்தது. எங்கோ ஒரு பத்தி தானாகத் தேர்வாகி நீலமானது. என் மணிக்கட்டின் ஓரம் லேப்டாப்பின் விளிம்பில் பட்ட இடத்தில் மெல்ல, மிக மெல்ல, எறும்பு ஊர்ந்தது.

நான் கையை எடுத்துவிட்டுக் கயலைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரம் கையெடுத்துடு. தானா நின்னுடும்" என்றாள், பழகிப்போன குரலில்.

சொன்னபடியே நின்றது. அது நின்றபோது வீட்டில் வேறொன்றும் நின்றதைக் கேட்டேன். கூடத்து மூலையில் ஃபிரிட்ஜின் உறுமல் அடங்கியிருந்தது.

எழுந்து போய் ஃபிரிட்ஜின் குமிழைத் திருப்பினேன். அது மீண்டும் உறுமியது. அம்புக்குறி ஓடியது. குறைத்தேன். உறுமல் நின்றது. அம்புக்குறி அடங்கியது. கயல் என்னைப் பார்த்தாள், ஃபிரிட்ஜைப் பார்த்தாள். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. ஃபிரிட்ஜுக்கும் டச்பேடுக்கும் என்ன சம்பந்தம்?

மறுபடி ஃபிரிட்ஜை ஓடவிட்டு, பையிலிருந்து டெஸ்டரை எடுத்து லேப்டாப்பின் பக்கவாட்டுத் திருகில் வைத்தேன். விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜின் பின்புறக் கம்பியில் வைத்தேன். எரிந்தது. இஸ்திரிப் பெட்டி மேஜைமேல் சும்மா கிடந்தது. பிளக் மட்டும் சொருகியிருந்தது, சுவிட்ச் போடவில்லை. அதன் அடித்தகட்டில் வைத்தேன். அதிலும் எரிந்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. வீட்டின் எர்த் வயர் என்பது, மூன்று பின் பிளக் உள்ள எல்லாச் சாமானையும் ஒன்றாகக் கட்டி மண்ணுக்குள் கொண்டுபோய் விடும் கயிறு. ஏதாவது ஒன்றில் கரண்ட் கசிந்தால் அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும். சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கயிறு அறுபடாது. மண்ணில் இருக்கும் முனை அறுந்துவிட்டால், ஃபிரிட்ஜில் கசிவது போக இடமில்லாமல் வீட்டிலுள்ள இரும்பிலெல்லாம் வந்து நிற்கும். லேப்டாப், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர்.

சமையலறையில் கிரைண்டர் ஓசை நின்றிருந்தது. "கயலு, மாவ வழிச்சிட்டேன். வந்து கல்லக் கழுவி வுடு தாயி" என்று அவள் அப்பா குரல் வந்தது. நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் கயல் எழுந்து போயிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அப்பா மாவுக் குண்டானோடு விலகி நிற்கிறார், காலில் ரப்பர் செருப்பு. கயல் வெறுங்காலோடு, ஈரத் தரையில், ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கை கிரைண்டரின் எவர்சில்வர் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

"தொடாத!"

என் தொண்டையிலிருந்து வந்ததா என்று எனக்கே தெரியாத குரல். கயல் நின்றாள். கை அந்தரத்தில் அப்படியே நின்றது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. சுவிட்ச் அணைத்துத்தானே இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை அவள் அசையவில்லை. ஒரே வார்த்தையில் நம்பிவிட்டாள்.

பங்குனியில் முற்றத்துக்கு சிமெண்ட் தளம் போட்டிருந்தோம். கரியும் உப்பும் கொட்டி வைத்த எர்த் குழி அதன் ஓரத்தில்தான் இருந்தது. தளம் போட்ட கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஆமாக்கா, ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தடுக்கி யாராச்சும் வுழுந்துடப் போறாங்கன்னு நறுக்கிட்டு மேல பூசிட்டேன்" என்றார். நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. தளத்தை உடைத்தோம், கம்பியைச் சேர்த்தோம், ஃபிரிட்ஜின் மோட்டாரை மாற்றினோம். எறும்பு போய்விட்டது, அம்புக்குறி அடங்கிவிட்டது. அறிக்கையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் சில கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவ்வளவு நாள் ஏன் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை? அவள் அப்பாவைக் கேட்டேன். "மாவ வழிக்கிறப்ப சுருக்குனு இருக்கும். சிமெண்டு வேலைல கையெல்லாம் வெடிச்சுக் கெடக்குல்ல, உப்புத்தண்ணி பட்டு எரியுதுன்னு நெனச்சேன்" என்றார். அவரைக் காப்பாற்றியது, கால் வெடிப்புக்காக வீட்டுக்குள் போட்டிருந்த ரப்பர் செருப்பா? கயலை முந்தைய ஞாயிறுகளில் காப்பாற்றியது எது? அவள் கழுவிய நேரத்தில் ஃபிரிட்ஜ் ஓய்ந்திருந்ததா? தெரிந்த எலெக்ட்ரீஷியன்களை எல்லாம் கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் எர்த் குழியைத்தான் தேடுகிறது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோளாறு உங்கள் மேஜையில் வரவில்லை என்றால், அவர்கள் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கே போய், எதில் சொருகினார்களோ அதில் சொருகி, அவர்களைப் போலவே உட்கார்ந்து பாருங்கள். பொருந்துகிற பதில் கிடைத்துவிட்டது என்று நிம்மதி வரும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் பயப்படுங்கள். நரம்பு என்றதும் எனக்கு அப்படித்தான் நிம்மதி வந்தது.

மெயினை அணைத்த பிறகு நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. மின்விசிறி நின்று வீடு புழுங்கியது. நான் திக்கித் திணறி அப்பாவுக்கும் மகளுக்கும் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் குண்டானைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டார். கயல் செம்பைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப எறும்பு ஊர்ந்தது நெசந்தானாம்மா?"

"நெசந்தான்டி."

"எங் கைல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் ஊற்றியது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். செத்திருப்போமே என்று அழுகிறாள் என நினைத்து, ஒண்ணும் ஆகலடி, ஒண்ணும் ஆகல என்று முதுகைத் தடவினேன். அவள் தலையை ஆட்டினாள். தேம்பலுக்கு நடுவே சொன்னாள்: "சென்னைக்கு வரலன்னு சொல்லிடலாம்னு இருந்தேம்மா. இந்தக் கைய வெச்சிக்கிட்டு அங்க போயி என்ன பண்றதுன்னு."